கொம்புச்சல்லியில் ஒரு ரயில் மணி

கொம்புச்சல்லித் தீவுக்கு ரயில் கிடையாது. மன்னார் வளைகுடாவில், கீழமுனைக் கரையிலிருந்து படகில் போய்ச் சேர வேண்டிய மணல்திட்டு அது. திட்டின் ஒரு கரையில் நின்றால் மறு கரையின் அலை தெரியும். சில பூவரச மரங்கள், மரக்கால்கள் மேல் ஒரு காவல் கூண்டு, அவ்வளவுதான். ஆனாலும் தீவைச் சுற்றியிருந்த மீன்களுக்கு ரயில் நிலைய மணி தெரிந்திருந்தது. அறிவிப்புக்கு முன்னால் ஒலிபெருக்கியில் வருமே, மூன்று சிறு ஓசைகள், பிறகு நீளமாக ஒன்று. தண்ணீரில் முகம் கவிழ்த்து, வாயில் கவ்விய மூச்சுக்குழாய்க்குள் யாராவது அதை முனகினால் போதும். கிளிமீன்களும் வண்ணாத்திமீன்களும் பார் என்று அழைக்கப்படும் பவளப்பாறைக்குள்ளிருந்து புறப்பட்டு, வண்டி வந்துவிட்டது போல அவசரமாக வந்து சூழ்ந்துகொள்ளும்.

கடலில் முதல்முறை இறங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல வரவேற்பு உலகில் எங்கும் இருக்க முடியாது என்று ஹாஜரா நினைப்பாள். அவள் நினைப்பதெல்லாம் படகில் உட்கார்ந்துதான். கடல் ஒலியை ஆராய்வது அவள் தொழில். அந்த ஒலிக்கான கருவிகளைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்குவாள், ஏற்றுவாள். தன்னை மட்டும் இறக்கமாட்டாள்.

அன்று காலையும், வருகிறவர்களைக் கடலில் இறக்கிப் பழக்கும் கீழமுனைக்காரன் தஸ்நேவிஸ் இடுப்பளவு தண்ணீரில் நின்று பாடம் நடத்திக்கொண்டிருந்தான். கண்ணாடிக்குள் துப்பித் தேய்த்துக்கொள்ளச் சொன்னான். மணலில் மட்டுமே காலூன்ற வேண்டும், பவளத்தைத் தொடக்கூட வேண்டாம், அது கல்லில்லை, உயிர் என்றான். பயம் வந்தால் மூச்சு குட்டையாகிவிடும், அதற்கு ஒரே மருந்து முனகுவது, முனகுகிறவனால் மூச்சை நீளமாக விடாமல் இருக்க முடியாது என்றான். பிறகு அந்த ரயில் மணியை முனகிக் காட்டினான்.

ஈரோட்டிலிருந்து வந்திருந்த குணசீலன் சிரித்தார். ரயில்வேயில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர்.

"சார், மூணாவது தப்பா வருதுங்க. எங்க மணி மேல ஏறும். நீங்க கீழ எறக்கறீங்க."

"இங்கன உள்ள மீனுக்கு இப்படித்தான் சார் பழக்கம்," என்றான் தஸ்நேவிஸ். "சரியாப் பாடுனா திரும்பிக்கூடப் பாக்காது."

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு வரிசையாக முகம் கவிழ்த்தார்கள். தண்ணீருக்கு மேல் ஏழெட்டு மூச்சுக்குழாய்கள் நின்றன. தொண்டை சரியில்லாத வாத்திய கோஷ்டி போல அவை முனகத் தொடங்கின. சற்று நேரத்தில் குணசீலன் தலையைத் தூக்கி, படகிலிருந்த மனைவியிடம், எல்லாம் தன்னைப் பார்க்கத்தான் வந்திருக்கின்றன என்று மூச்சிரைக்கச் சொல்லிவிட்டு மறுபடி கவிழ்ந்தார்.

அவர் மனைவி சௌந்தரம் தன் முறை முடிந்து ஏறியிருந்தாள். துண்டைப் போர்த்தியபடி ஹாஜராவின் பக்கத்தில் உட்கார்ந்து, இந்த மீன்களை எப்படிப் பழக்கினீர்கள் என்று கேட்டாள்.

"நாங்க பழக்கலம்மா. தானாப் பழகிருச்சு," என்றாள் ஹாஜரா. "உயிரோட இருக்கற பார் சும்மா இருக்காது. எறால் சொடக்குப் போடும், கிளிமீன் கொறிக்கும். எண்ணெயில கடுகு வெடிக்கற மாதிரி எந்நேரமும் ஒரு சத்தம். குஞ்சு மீனுங்க நடுக்கடல்ல அலையும். அமாவாசை இருட்டுல கரைப்பக்கம் வரும். எங்க அந்தச் சத்தம் கேக்குதோ அங்க போய்த் தங்கிக்கும்."

"இங்க கேட்டுச்சா?"

"நின்னு போச்சு. ஒரு கோடையில கடல் சூடாயி, இந்தப் பார் முழுக்க வெளுத்துச் செத்துருச்சு. சத்தமில்லாத வீட்டுக்கு யாரு வருவா? எங்கிட்ட அதுக்கு முந்தின வருஷம் பதிவு பண்ணின சத்தம் இருந்துச்சு. அதை ஒரு ஒலிபெருக்கியில போட்டு, செத்த பாருக்கு நடுவுல வச்சேன்."

சௌந்தரம் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "ஏமாத்து வேலையா இருக்குதேம்மா."

"ஏமாத்து வேலைதான்," என்றாள் ஹாஜரா.

அவள் அதை மறைத்ததே இல்லை. முதல் இரண்டு வருடங்கள் விருந்து நடக்கிற ஓசையைக் கேட்டு வந்த குஞ்சுகள், அடுப்பு அணைந்த வீட்டைத்தான் கண்டன. ஒளிய இடமில்லாமல் பெரும்பாலானவை இரையாகிப் போயின. அந்த நாட்களில் ஹாஜராவுக்குச் சோறு இறங்காது. ஆனால் தப்பிய கொஞ்சம் மீன்கள் பாறையில் படர்ந்த பாசியைத் தின்று சுத்தம் செய்தன. சுத்தமான இடத்தில் நட்ட பவளத் துண்டுகள் பிடித்துக்கொண்டன. பொய் மெல்ல மெல்ல உண்மையாகத் தொடங்கியது. இப்போது பாதிப் பார் உயிரோடிருந்தது. கீழமுனைக்காரர்கள் ஒலிபெருக்கிக்குக் கடல் ரேடியோ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"அப்ப அந்த மணி?"

ஹாஜரா தண்ணீரைப் பார்த்தாள். "அது பதிவுக்குள்ள இருந்துச்சு. ரொம்ப நாள் அதை நாங்க ஏதோ ஒரு மீனோட சத்தம்னு நெனச்சிருந்தோம். ரயில்மீன்னு கூடக் கூப்பிட்டோம். அப்புறம் ஒருநாள்தான் எனக்குப் புரிஞ்சுது. அது மீனில்ல, என் சிநேகிதி. நேவிஸண்ணனோட சம்சாரம், அமலி."

அமலியின் அப்பா ராமநாதபுரம் ரயில் நிலையத்தில் டீ விற்றவர். அந்த மணிக்குக் கீழேதான் அமலி தவழ்ந்தாள். கல்யாணமாகிக் கீழமுனைக்கு வந்தவள், தஸ்நேவிஸிடம் நீச்சல் கற்று, அவனையே மிஞ்சி, முதல்முறை இறங்குகிறவர்களுக்குப் பாடம் நடத்த ஆரம்பித்தாள். ரயில் மணியை முனகும் பழக்கம் அவள் கண்டுபிடித்தது. பதிந்துகொண்டிருந்த ஒலிவாங்கியின் கம்பி பாறையில் சிக்கிக்கொண்ட ஒருநாள், அது எப்படிச் சிக்கியிருக்கிறது என்று நீயே வந்து பார் என்று சொல்லி, ஹாஜராவின் கையைப் பிடித்துக் கடலுக்குள் கூட்டிப்போனாள். ஹாஜரா தன் வாழ்நாளில் தலையைக் கடலில் முக்கியது அந்த ஒரு தடவைதான். அன்றைக்கு என்ன பார்த்தாள் என்பது அவளுக்கு நினைவில்லை. மண்டை முழுக்க அந்த முனகல் நிறைந்திருந்தது மட்டும்தான் நினைவு. ஹாஜராவின் பயத்தை அடக்க அமலி விடாமல் பாடிக்கொண்டே வந்தாள் என்று அதை அவள் மனதில் வைத்திருந்தாள்.

பார் வெளுத்த கோடைக்குப் பின் வந்த மழைக்காலத்தில் அமலி மூளைக்காய்ச்சலில் போய்விட்டாள். மகள் கில்டாவுக்கு அப்போது நடை பழகியிருக்கவில்லை.

அந்தக் கில்டா இப்போது ஒன்பது வயதில் படகின் முனையில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் கண்ணாடி, மூச்சுக்குழாய், எல்லாம் மாட்டியிருந்தாள். தினமும் இப்படி வருவாள். தினமும் இறங்கமாட்டாள். சௌந்தரம் அவளைப் பார்த்து, நீ வரவில்லையா கண்ணு என்று கேட்டாள்.

"நாளைக்கு," என்றாள் கில்டா.

பாடம் முடிந்து எல்லோரும் படகேறியதும் தஸ்நேவிஸ் வழக்கமாகச் செய்வதைச் செய்தான். படகைக் கடல் ரேடியோவுக்கு நேர் மேலே நிறுத்தி, இயந்திரத்தை அணைத்துவிட்டு, ஈர உடம்போடு படகின் தரையில் குப்புறப் படுத்துக் காதை வைத்தான். அடியிலிருந்து ஓசை ஏறிவரும். கடுகு வெடிப்பு, இடையே அந்த மூன்றும் ஒன்றும், பிறகு ஓர் இடைவெளி, மறுபடி மூன்றும் ஒன்றும். கில்டாவும் அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். அம்மா பாடுகிறாள் என்று வந்தவர்களுக்குச் சொன்னாள். அவளுக்கு அதைச் சொல்லியிருந்தது ஹாஜராதான்.

 குணசீலன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் கடல் பூங்காக் காவலர் கூத்தபெருமாளின் படகு வேகமாக வந்தது.

*

கூத்தபெருமாள் சொன்ன சேதி ஹாஜரா எதிர்பார்த்திருந்ததுதான். இப்படி நடப்பது இது இரண்டாவது முறை. வெளியூர்ப் படகொன்று விடியுமுன் எல்லைக்குள் புகுந்திருந்தது. வலையை விரித்து, அதன் நடுவே ஓர் ஒலிபெருக்கியை இறக்கி, ரயில் மணியைப் போட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு அது கிடைப்பது கஷ்டமே இல்லை. வந்து போகிறவர்கள் எடுத்த காணொளிகள் ஊரெங்கும் சுற்றிக்கொண்டிருந்தன. எல்லாவற்றிலும் அந்த முனகல் இருந்தது. மீன்கள் தாமாகவே வலைக்குள் நடந்து போயின. பெரிய களவா மீன்கள் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

கூத்தபெருமாள் கைப்பற்றிய வலையில் மீந்திருந்த கிளிமீன் ஒன்றைக் காட்டினார். அதன் தாடையில் ஒரு பழைய தழும்பு. ஹாஜராவுக்கு அதைத் தெரியும். ஐந்து வருடமாக வகுப்புக்கு முதலில் வந்து, கடைசியில் போகிற மீன் அது.

பூங்கா நிர்வாகம் முன்பே முடிவெடுத்திருந்தது. பதிவிலிருந்து மணியை நீக்க வேண்டும். வகுப்புகளில் யாரும் முனகக் கூடாது. பழகிய மீன்கள் மறக்க நாளாகும், ஆனால் ஒவ்வொரு அமாவாசைக்கும் புதிதாக வந்து சேரும் குஞ்சுகளாவது மணியைக் கேட்காமல் வளரும். நீக்குவது ஹாஜராவுக்கு அரைமணி நேர வேலை. முதல் திருட்டு நடந்தபோதே அதைச் செய்திருக்க வேண்டும். அவள் தள்ளிப்போட்டாள், தஸ்நேவிஸிடமும் சொல்லவில்லை. இடையில் வந்த ஒரு அமாவாசையில் சேர்ந்த குஞ்சுகள் எல்லாம் இப்போது மணி படித்துக்கொண்டிருந்தன.

அடுத்த அமாவாசைக்கு இன்னும் இரண்டே நாள்.

ஒரு மனிதனிடம் போய், உன் மனைவியின் குரலைக் கடலிலிருந்து எடுக்கப்போகிறேன் என்று எப்படிச் சொல்வது? ஒரு குழந்தையிடம்? அமலி பேசிய காணொளிகள் இல்லாமலில்லை. கல்யாண வீட்டில் கையசைப்பாள், யாரையோ சாப்பிட்டாயா என்று கேட்பாள். ஆனால் கடலில் இருந்தது அப்படிப்பட்டதல்ல. அதைக் கேட்டு உயிர்கள் வந்தன.

*

மறுநாள் மத்தியானம் ஹாஜரா கீழமுனைக்குப் போனாள். தஸ்நேவிஸ் வீட்டு முற்றத்தில் நல்ல தண்ணீர்த் தொட்டிகளை வரிசையாக வைத்து, கண்ணாடிகளையும் குழாய்களையும் உப்புப் போக அலசிக்கொண்டிருந்தான். கில்டா ஒரு தொட்டிக்குள் குழாயை விட்டுக் குமிழி ஊதிக்கொண்டிருந்தாள். மாமிக்குச் சர்பத் போட எலுமிச்சம்பழம் வாங்கி வா என்று அவளைக் கடைக்கு அனுப்பினான்.

ஹாஜரா வழியெல்லாம் சொற்களை அடுக்கிக்கொண்டு வந்திருந்தாள். அலைகளின் நீளம், குஞ்சுகள் கற்கிற விதம், நிர்வாகத்தின் முடிவு என்று ஒரு வரிசை வைத்திருந்தாள். வாயைத் திறந்ததும் அத்தனையும் கலைந்துபோனது.

"நேவிஸண்ணே, அந்த மணியை எடுக்கணும்."

"எடுத்துரு," என்றான் அவன்.

கண்ணாடியை வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டு அடுத்ததை எடுத்தான். ஹாஜராவுக்கு வலித்தது. அவன் கொஞ்சம் மறுத்திருக்கலாம் என்று தோன்றியது. அவளுக்காக இல்லாவிட்டாலும் அமலிக்காக.

"அமலி குரல்ண்ணே அது. எடுத்துட்டா அப்புறம் கடல்ல அவ இல்ல."

தஸ்நேவிஸ் கையைத் தொட்டியில் வைத்தபடியே அவளை நிமிர்ந்து பார்த்தான். ரொம்ப நாளாக வைத்திருந்த சுமையை எங்கே இறக்குவது என்று இடம் தேடுகிறவனைப் போல இருந்தது அவன் முகம்.

"அது உன் குரல்லா, புள்ள."

முற்றத்தில் காக்கை ஒன்று தொட்டியின் விளிம்பில் வந்து உட்கார்ந்து, தண்ணீரை ஒரு மிடறு குடித்துவிட்டுப் போனது. ஹாஜரா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லண்ணே. எனக்கு நல்லா ஞாபகமிருக்கு. என் மண்டை முழுக்க அவ பாட்டுத்தான்."

"உன் மண்டைக்குள்ளதான கேட்டுச்சு. வெளியே கேக்கலயே." அவன் சிரிக்க முயன்றான். "நீ கீழக்கரைக்காரி. உங்க ஊருக்கு ஏது ரயிலு? அமலி அந்த மணிக்கடியில பொறந்து வளந்தவ. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் மூணாவது அவளுக்குத் தப்பாது. உனக்குக் கரையில வச்சு எத்தனை தடவ சொல்லிக்கொடுத்தா. அத்தனை தடவையும் மூணாவதக் கீழ எறக்குன. நான் படகுல உக்காந்து சிரிச்சேன். அவ என்னைய மொறச்சா."

குணசீலன் சொன்னது ஹாஜராவின் காதில் மறுபடி கேட்டது. எங்க மணி மேல ஏறும்.

ஒரு பார் நிறைய மீன்கள், பல வருடங்களாக, அவளுடைய பிழையைக் கேட்டு வளர்ந்திருந்தன. வகுப்புக்கு வந்தவர்கள் அத்தனை பேருக்கும் அந்தப் பிழையைத்தான் தஸ்நேவிஸ் ஒழுங்காகக் கற்றுக்கொடுத்திருந்தான்.

"தெரிஞ்சே ஏன்ண்ணே சொல்லல?"

அவன் குழாயொன்றை உதறி வெயிலில் வைத்தான்.

"அது அமலின்னு நீ வந்து சொன்ன அன்னைக்கு அழுத. அழுதுகிட்டே சிரிச்ச. அவ போனதுக்கப்புறம் அன்னைக்குத்தான் என் வீட்டுல உக்காந்து சோறு தின்ன. நான் என்னத்தச் சொல்ல? அப்புறம் பிள்ளைகிட்டயும் சொல்லிட்ட. அவளும் சந்தோசமாயிட்டா. இருந்துட்டுப் போகுதுன்னு விட்டுட்டேன்."

"அப்ப தினமும் படகுல படுத்துக் காதை வச்சு நீங்க கேக்கறது?"

"அவளத்தான்."

ஹாஜராவுக்குப் புரியவில்லை. அவன் ஈரக் கையை இடுப்பில் கட்டிய சாரத்தில் துடைத்துக்கொண்டு அவள் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"அமலி மத்தவங்கள முனகச் சொல்லுவாளே தவிர, பாடம் நடத்தும்போது ஒரு நாளும் தான் முனகமாட்டா. தான் பாடுனா பயந்தவங்க அதக் கேட்டுக்கிட்டு மூச்சு விட மறந்துருவாங்கம்பா. கையைப் பிடிச்சுக்கிட்டு சும்மா இருப்பா. நீ நல்லாக் கேட்டுப் பாரு. மொதல்ல உனக்கு வர்றது முனகலே இல்ல, நடுக்கம். அப்புறம் ஒரு நிறுத்தம். அடுத்தது கொஞ்சம் நேராகுது. மறுபடி நிறுத்தம். போகப் போக நீ பயப்படலை. கடைசியில, மூணாவது தப்பா இருந்தாலும், எவ்வளவு தைரியமா வருது. அந்த நிறுத்தத்துல எல்லாம் அவ இருக்கா. அவ வேலை செய்யறத நான் கேக்குறேன்."

தெருமுனையில் கில்டாவின் செருப்புச் சத்தம் கேட்டது. அவன் எழுந்தான். அமாவாசைக்குள் எடுத்துவிடு, மீனுக்கு இதெல்லாம் தெரிய வேண்டியதில்லை என்றான். அப்புறம் எலுமிச்சம்பழங்களை வாங்கி முகர்ந்து பார்த்து, நல்ல பழம்தான் என்று மகளைப் பாராட்டினான்.

*

அன்று சாயங்காலம், ஆராய்ச்சி மையத்து அறையில் ஹாஜரா பதிவை ஓடவிட்டாள். எத்தனையோ தடவை கேட்டதுதான். இப்போதுதான் முதல்முறை கேட்பது போலிருந்தது. ஒரு பெண் பயந்துகொண்டிருந்தாள். மூன்றும் ஒன்றும் சேர்ந்து வராமல் உதறின. பிறகு கடுகு வெடிப்பு மட்டும் கேட்கிற ஓர் இடைவெளி. மறுபடி அந்தப் பெண். ஹாஜரா கண்ணை மூடிக்கொண்டு அவளுக்காக மூச்சை நீளமாக விட்டாள்.

பிறகு வேலையைத் தொடங்கினாள். திரையில் தன் குரல் இருந்த இடங்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்து நீக்கினாள். அந்த இடங்களில் இறாலின் சொடக்கை மட்டும் நிரப்பினாள். இடைவெளிகளைத் தொடவில்லை. தொட வேண்டிய அவசியமே இல்லை, அவை ஏற்கெனவே வெறும் கடல்தான். வேலை முடிந்தபோது அவளுக்கு அது உறைத்தது. அவள் எடுத்தது தன்னை மட்டும்தான். அமலி இருந்த இடமெல்லாம் அப்படியே கடலுக்குத் திரும்பிப் போகிறது.

அவள் மேசையில் தலைவைத்து அழுதாள். கனமில்லாத அழுகை. அழுது முடித்ததும் பசித்தது.

*

அமாவாசையன்று காலையில் வகுப்பு இல்லை. புதிய பதிவைக் கடல் ரேடியோவில் மாற்ற ஹாஜராவும் தஸ்நேவிஸும் மட்டும் கிளம்பினார்கள். கில்டா தானும் வருவேன் என்று ஏறிக்கொண்டாள். வழியில் ஹாஜராவே அவளிடம் சொன்னாள். மணியை நிறுத்தப்போகிறோம், அதைக் கேட்டு மீன்கள் வலையில் போய் விழுந்தன என்றாள். இன்னொன்றும் சொன்னாள். இத்தனை நாளும் நீ கேட்டது உன் அம்மா இல்லை, நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், அது பயந்துபோன நான். உன் அம்மா அப்போது என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கில்டா தண்ணீரைப் பார்த்தபடி வந்தாள். அழப்போகிறாள் என்று ஹாஜரா நினைத்தாள்.

"மாமி இவ்ளோ மோசமாவா பாடுவீங்க?" என்றாள் கில்டா.

தஸ்நேவிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது.

பதிவை மாற்றி முடித்தார்கள். மூவரும் படகின் தரையில் காதை வைத்துக் கேட்டார்கள். கடுகு மட்டும் வெடித்தது. கில்டா எழுந்து உட்கார்ந்து வெகுநேரம் எதையோ கணக்குப் பார்ப்பவள் போலிருந்தாள்.

"இனிமே யாருக்கும் மீன் வராதா?"

பழைய மீன்களுக்கு ஞாபகம் இருக்கும், ஆனால் யாரும் முனகப்போவதில்லை, அதனால் வராது என்றாள் ஹாஜரா.

"யாருக்குமே?"

"யாருக்குமே."

"அப்ப நான் எறங்குதேன்."

தஸ்நேவிஸும் ஹாஜராவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கில்டா கண்ணாடிக்குள் துப்பித் தேய்த்துக்கொண்டே, அது உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் போலச் சொன்னாள். அம்மா கூப்பிட்டு எல்லோருக்கும் மீன் வருகிறது. தான் இறங்கி, தனக்கு மட்டும் வராமல் போயிருந்தால்?

இத்தனை வருடமாக அந்தக் குழந்தை அதைத் தனியாகச் சுமந்திருந்தாள். தன்னைக் கண்டால் அம்மாவுக்கு அடையாளம் தெரியாமல் போய்விடுமோ என்ற பயம் அது. அந்தப் பயத்தை அவளுக்குக் கொடுத்தது ஹாஜரா ஆசையாகச் சொன்ன ஒரு வாக்கியம்தான்.

"மாமியும் வாங்க," என்றாள் கில்டா. "அப்பா வேணாம். அப்பாக்குப் பயமே இல்ல."

ஹாஜரா மறுக்க வாயெடுத்தாள். தஸ்நேவிஸ் ஒரு கண்ணாடியை எடுத்து அவளிடம் நீட்டினான். அவள் சுடிதாரின் மேல் மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு, அல்லாவை நினைத்தபடி, படகின் ஏணியில் பின்பக்கமாக இறங்கினாள். தண்ணீர் இதமாக இருந்தது. காலடியில் மணல் இருந்தது. கில்டா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் ஒன்றாக முகம் கவிழ்த்தார்கள்.

முதலில் ஹாஜராவுக்குத் தன் மூச்சு மட்டும்தான் கேட்டது. குட்டையாக, பிய்ந்து பிய்ந்து வந்தது. தொண்டை தானாகவே முனகத் தேடியது. கூடாது என்று பற்களைக் கடித்துக்கொண்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லாம் பச்சையும் வெளிச்சமுமாகக் கலங்கியது. அவள் எழுந்துவிடத்தான் போனாள்.

அப்போது கில்டாவின் விரல்கள் அவள் உள்ளங்கையை அழுத்தின. மூன்று முறை சின்னதாக, பிறகு நீளமாக ஒரு முறை.

தூங்க மறுக்கிற இரவுகளில் தஸ்நேவிஸ் மகளுக்கு அப்படித்தான் செய்வான். அவனுக்கு அது யாரிடமிருந்து வந்தது என்பதை ஹாஜராவின் மூளை யோசிக்கும் முன் அவள் உள்ளங்கைக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கைக்கு அது மறந்துபோயிருந்தது, அவ்வளவுதான். அமலியோடு இறங்கிய அன்று, ஒவ்வொரு முனகலுக்குப் பிறகும், எந்த ஒலிவாங்கியிலும் பதியாமல், எந்த மீனின் காதிலும் விழாமல், அவளுக்கு மட்டும் வந்துகொண்டிருந்த பதில் அது. மூன்றும் ஒன்றும். பிழையே இல்லாமல்.

ஹாஜரா திருப்பி அழுத்தினாள். மூச்சு நீளமாயிற்று.

கீழே கொம்புப் பவளங்களுக்கு நடுவே ஒரு கிளிமீன் தன்பாட்டில் கொறித்துக்கொண்டிருந்தது. வண்ணாத்திமீன்கள் இரண்டு எங்கோ அவசரமாகப் போயின. ஒன்றுகூட அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் மிதந்த கில்டா அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் குழாயின் வழியாக, தண்ணீருக்கு மேலே, ஒரு சிரிப்பு கிளம்பிப் போனது.